கறுப்பாக இருப்பதால் போட்டோவுக்கு நிற்கவே கூச்சமாக இருக்கிறது. இதிலிருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

முழுசாக வெளியே வந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். இன்றைக்கும் யாராவது போனைத் தூக்கினால் நான் ஓரமாக நகர்கிற ஆள்தான்.

எனக்கு இது ஆரம்பித்தது 1991இல், எட்டாம் வகுப்பு குரூப் போட்டோவில். பக்கத்தில் நின்றவள் நல்ல கலர், அவள் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது, எனக்குக் கண்ணும் பல்லும் மட்டும்தான். வீட்டில் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன், அப்புறம் பத்து வருஷம் எந்தக் கல்யாண மேடையிலும் இரண்டு பேருக்குப் பின்னால்தான் நின்றேன். அத்தை ஒருத்தர் "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பார். பாராட்டுதான். ஆனால் அந்த "இருந்தாலும்" இருக்கிறதே, அதை யாரும் சிவப்பான பெண்ணுக்குச் சொல்லி நான் கேட்டதில்லை.

இருபத்து மூன்று வயதில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன். இரண்டே மாதத்தில் வெளுத்தது. நிறுத்தியதும் கன்னமெல்லாம் எரிச்சல், பரு, போதாததற்குப் பூனை முடி வேறு. தோல் டாக்டர் டியூபைப் பார்த்ததுமே ஸ்டீராய்டு என்றார். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எனக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது வேறொரு விஷயம் படித்தபோது. கலர் ஃபிலிம் காலத்தில், பிரிண்ட் போடும் லேப்களில் நிறம் சரியா என்று ஒத்துப் பார்க்க ஃபிலிம் தயாரித்த கோடாக் கம்பெனி ஒரு அட்டை அனுப்பும், பெயர் ஷெர்லி கார்டு. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் சேர்ந்து நிற்கும் பள்ளிப் படங்களில் கறுப்பு முகங்கள் இருட்டாகவே விழுந்தன. ஃபிலிமைத் திருத்தும் வேலை சூடு பிடித்தது எப்போது தெரியுமா? சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும், எங்கள் பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று புகார் சொன்ன பிறகு! மேசைக்குக் கிடைத்த மரியாதை மனுஷ முகத்துக்குக் கிடைக்கவில்லை. அட்டையில் கறுப்பு, ஆசியப் பெண்களையும் சேர்த்தது 1990களின் நடுவில்தான்.

என் எட்டாம் வகுப்புப் படத்தில் வெளிச்சம் வைத்தவர் தப்பும் இருந்திருக்கும், அது வேறு. ஆனால் அதுவரை கேமரா பொய் சொல்லாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அக்கா மகள் என்னைப் படம் எடுத்துவிட்டு, "சித்தி, இது யாரோ மாதிரி இருக்கு" என்று சொல்லி, முகத்தை வெளுப்பாக்கும் அந்த பியூட்டி மோடை அணைத்து மறுபடி எடுத்தாள். என் நிறம் அப்படியே வந்திருக்கிறது. வாட்ஸப்பில் வைக்க இன்னும் தைரியம் வரவில்லை, அழிக்கவும் இல்லை, போனில்தான் கிடக்கிறது.