இளைப்பு வரும் பிள்ளைக்கு எதிர்ப்புசக்தி டானிக் தேவையா?

கேள்வி: என் மகனுக்கு வயது 9. பகலில் பரணைச் சுத்தம் செய்தால் உடனே அவனுக்குத் தும்மலும் இளைப்பும் வருகின்றன. நீல நிற இன்ஹேலரில் அடங்கி, இரவில் மீண்டும் இளைக்கிறது. எதிர்ப்புசக்தி குறைவு என்று டானிக் கொடுக்கச் சொல்கிறார்கள். மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்ன ஸ்டீராய்டு இன்ஹேலர் அதை இன்னும் குறைத்துவிடாதா?

பதில்: எதிர்ப்புசக்தி குறைந்ததற்கான அறிகுறி எதுவும் நீங்கள் எழுதியவற்றில் இல்லை. தீங்கற்ற ஒரு பொருளைப் பகையாகக் கருதி அச்சக்தி சீறுவதால் வருவதே ஒவ்வாமை ஆஸ்துமா. மெத்தையிலும் வீட்டுத் தூசியிலும் நம் தோலின் செதில்களைத் தின்று வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளின் எச்சத்திலுள்ள புரதமே பல குழந்தைகளுக்கு அப்பொருளாக அமைகிறது.

முதல் முறை அது மூச்சுக்குழாய்க்குள் நுழையும்போது வெளியே எதுவும் தெரியாது. ஆனால் உள்ளே, உதவி டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்களின் தூண்டுதலால் பி அணுக்கள் என்னும் வேறு வெள்ளணுக்கள் அந்தப் புரதத்துக்கென்றே ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்க, அது மூச்சுக்குழாய்ச் சுவரில் காவல் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்னும் எதிர்ப்பணுக்கள் மேல் ஒட்டிக்கொள்கிறது. மறுபடி தூசி உள்ளே போகும்போது ஐஜிஇ அப்புரதத்தைப் பற்றுகிறது. உடனே மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன்கள் என்னும் வேதிப்பொருள்களை வெளியிட, சில நிமிடங்களிலேயே குழாயின் தசை இறுகி இளைப்பு தொடங்குகிறது. நீல இன்ஹேலரிலுள்ள சால்பியூட்டமால் இத்தசையைத் தளர்த்துவதோடு சரி.

மாஸ்ட் செல்கள் விடுக்கும் இதே அழைப்பில் புறப்படும் இயோசினோஃபில் முதலிய வெள்ளணுக்கள் வந்து சேர்ந்து வேலையைக் காட்ட 4 முதல் 8 மணி நேரம் ஆகலாம். அப்போது குழாய்ச் சுவர் வீங்கிச் சளி கட்டுவதால்தான், பிற்பகல் தூசிக்கு இரவில் இரண்டாம் முறை இளைப்பு வருகிறது. இந்த அழற்சியைத் தணிப்பது ஸ்டீராய்டு இன்ஹேலரே. மைக்ரோகிராம் கணக்கில் நேரே மூச்சுக்குழாய்க்குச் செல்லும் மருந்து, வழக்கமான அளவில், உடலின் பொது எதிர்ப்புசக்தியைச் சாய்ப்பதில்லை. உயர வளர்ச்சி சற்றே மட்டுப்படலாம் என்பதால், நோயைக் கட்டுக்குள் வைக்கும் மிகக் குறைந்த அளவையே மருத்துவர்கள் தருகிறோம். இன்ஹேலரில் பொருத்தும் ஸ்பேசர் என்னும் குழாய் மூலம் கொடுங்கள். வாயில் பூஞ்சைப் படலம் வராதிருக்க ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

டானிக் வேண்டாம், கூட்ட வேண்டிய குறை எதுவும் இங்கே இல்லை. (விற்பவர்கள் எந்த எதிர்ப்புசக்தியைக் கூட்டுகிறோம் என்று சொல்வதுமில்லை.) படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் 60 டிகிரி சூட்டு நீரில் துவைப்பது அதைவிடப் பயன் தரும், பரணைத் தட்டும்போது பிள்ளை வீட்டில் இருக்க வேண்டாம். நீல இன்ஹேலருக்கும் அடங்காமல் பேச முடியாதபடி இளைத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.