சிவப்பு மூடி ஊசியும் பூனையின் சர்க்கரையும்

கேள்வி: எங்கள் ஆண் பூனைக்கு 9 வயது, எடை 6.5 கிலோ. கருத்தடை செய்திருக்கிறோம். சர்க்கரை நோய் என்று கண்டறிந்து, காலையும் மாலையும் ஒரு யூனிட் கிளார்ஜின் இன்சுலின் போடச் சொன்னார் மருத்துவர். மருத்துவமனையில் 390 காட்டிய சர்க்கரை, வீட்டில் என் கணவரின் குளுக்கோமீட்டரில் 250 காட்டுகிறது. எதை நம்புவது? அளவைக் கூட்டலாமா? சில வேளை சாப்பிடாமலே படுத்துவிடுகிறது. அப்போதும் ஊசி போடலாமா? கடையில் சிவப்பு மூடி ஊசிதான் கொடுத்தார்கள்.
- வாசகி, தென்காசி

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்குக் கவலை தருகிறது. கிளார்ஜின் பொதுவாக மில்லிக்கு 100 யூனிட் வீரியத்தில் வருவது. சிவப்பு மூடி ஊசியோ மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கென்று கோடு போடப்பட்டது. அதில் ஒரு யூனிட் கோடு வரை இழுத்தால் பூனையின் உடலுக்குள் போவது இரண்டரை யூனிட். சாப்பிடாமல் படுத்துவிடுகிறது என்கிறீர்களே, அது சர்க்கரை இறங்கியதால் வந்த சோர்வாகவும் இருக்கலாம். பெட்டியில் வீரியத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். 100 என்றிருந்தால் ஆரஞ்சு மூடி ஊசிதான் வேண்டும். அதிலும் அரை யூனிட் கோடுகள் உள்ள, மொத்தம் 30 யூனிட் மட்டுமே கொள்ளும் சிறிய ஊசியாகக் கேட்டு வாங்குங்கள்.

சாப்பிடாத பூனைக்கு வழக்கமான அளவைப் போட்டுவிடாதீர்கள். சர்க்கரையைப் பார்த்து, மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரு வேளை ஊசி தவறினால் பெரிய கேடு வராது. மறுவேளைக்குச் சேர்த்து இரட்டிப்பாகப் போடுவதுதான் ஆபத்து. தள்ளாடினாலோ, வெறித்துப் பார்த்தாலோ, வலிப்பு வந்தாலோ ஈறில் தேனைத் தடவிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வாய்க்குள் எதையும் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும்.

இரண்டு எண்களில் எது பொய் என்றால், எதுவுமில்லை. கூடையில் அடைபட்டு, நாய்களின் குரைப்புக்கு நடுவே காத்திருக்கும் பூனைக்குப் பயத்திலேயே சர்க்கரை ஏறிவிடும். மனிதருக்கான மீட்டரோ பூனையின் ரத்தத்தில் உள்ளதைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். எனவே ஒற்றை எண்ணை வைத்து அளவைக் கூட்டக் கூடாது. கிளார்ஜின் முழுப் பலனைக் காட்ட ஒரு வாரம் வரை ஆகலாம். அதன்பின் ஒருநாள் முழுக்க இரண்டு, மூன்று மணிக்கொருமுறை பார்த்து, சர்க்கரை எந்த அளவுக்கு இறங்குகிறது என்று குறித்துக் கொடுத்தால், கூட்டுவதா குறைப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். காது மடலை வெதுவெதுப்பான துணியால் அரை நிமிடம் பிடித்துவிட்டு விளிம்பில் லேசாகக் குத்தினால், கடுகளவு ரத்தம் வரும், அது போதும். தண்ணீர்க் கிண்ணம் எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது, சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா, பின்னங்கால்களின் குதிகால் தரையில் பட நடக்கிறதா என்பதையும் எழுதி வையுங்கள். எனக்கு மீட்டரைவிட அந்த நோட்டில்தான் நம்பிக்கை.

தயிர்ச் சாதமும் உலர் தீவனமும் கொடுத்துவந்தால் மெல்ல மெல்ல நிறுத்தி, உப்பில்லாமல் வேகவைத்த கோழியைக் கலந்த, மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கு மாற்றலாம். ஆனால் மருத்துவருக்குத் தெரிவிக்காமல் மாற்றாதீர்கள். மாவுச்சத்து குறையும்போது இன்சுலின் தேவையும் குறையும், பழைய அளவே அப்போது அதிகமாகிவிடும். தொடக்கத்திலேயே சர்க்கரை கட்டுக்குள் வந்த சில பூனைகளுக்கு, சில மாதங்களில் ஊசியையே நிறுத்த முடிந்திருக்கிறது.