பூசணிப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறதா?

வேப்பெண்ணெய் அடித்தும் பிஞ்சு உதிர்வது நிற்கவில்லை என்கிறீர்கள். இனி அடிக்க வேண்டாம். பூ வாடியதும் பிஞ்சைத் துணிப்பையில் தளர்வாகக் கட்டுங்கள்.

பெரும்பாலும் இது பழ ஈதான். இளந்தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். மேலே தெளிப்பது உள்ளிருக்கும் புழுவைத் தொடாது.

உதிர்ந்த ஒன்றை நறுக்கிப் பாருங்கள். வெள்ளைப் புழு நெளிந்தால், தோலில் ஊசி குத்தியதுபோல் புள்ளியும் பிசின் துளியும் இருந்தால், சந்தேகமே இல்லை. உதிர்ந்ததை அன்றன்றே பொறுக்கி, பாலித்தீன் கவரில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். செடியடியில் விட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

புழுவே இல்லையா? அப்படியானால் பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுங்கள்.

அப்புறம், பூ விரியும் முன்பே பையைக் கட்டிவிடாதீர்கள்; தேனீ நுழைய முடியாது.