விமானப்படை ஜெனரல் கல்வியாளர் ஆவது என்றால் என்ன?

விமானப்படையில் உயர்ந்த பதவிக்கு வந்தவர் பாடத்திட்டம், ஆசிரியர்கள் என்று கல்விப் பொறுப்பை ஏற்பதுதான். அமெரிக்காவின் ராபர்ட் மெக்டெர்மாட்டைப் பாருங்கள்: இரண்டாம் உலகப்போரில் போர் விமானம் ஓட்டினார், அப்புறம் ஹார்வர்டில் படித்தார், 1956 முதல் 1968 வரை விமானப்படை அகாடமியில் டீனாக இருந்து, எல்லாருக்கும் ஒரே பாடம் என்ற பழக்கத்தை மாற்றி, விருப்பப் பாடத்தை ஆழமாகப் படிக்க வழிசெய்தார். பெரிய காரியம் அது. ஏன் தேவை? வானத்தில் கை பழகினால் மட்டும் போதாது, யோசிக்கவும் தெரியணும்.

எங்கள் கொழிஞ்சாம்பாறை பக்கம் பழைய லாரி டிரைவர் புதுப் பையனிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, நெல்லியாம்பதி இறக்கத்தில் "ஏன்டா இப்ப கியரைக் குறைச்சே?" என்று கேட்பாரே, அதே வேலைதான்.

ஒன்று, இந்திய விமானப்படையில் 'ஜெனரல்' என்ற பதவியே கிடையாது. மேஜர் ஜெனரலுக்கு இணையானவர் ஏர் வைஸ் மார்ஷல்.