தேக்கங்காட்டுப் புழுக்களும் பற்றீரியா மருந்தும்: கேள்வி பதில்

கேள்வி (உன்னிச்சை): ஐயா, எங்கள் நான்கு வருடத் தேக்கு மரங்கள் மழையோடு தளிர்விட்டன. ஒரு கிழமைக்குள் நரம்பு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. பற்றீரியா மருந்தை இப்போது அடிக்கலாமா?

பதில்: இப்போது அடிக்க வேண்டாம். பெரிய நரம்புகளை மட்டும் விட்டு இளந்தளிரைத் தின்று தீர்ப்பது ஹிப்ளியா பூரா என்ற அந்துப்பூச்சியின் புழு. அதன் புழுப்பருவம் ஏறத்தாழ 10 முதல் 12 நாட்களில் முடிந்துவிடும். பின்னர் அது நூலில் இறங்கிச் சருகுக்குள் கூட்டுப்புழுவாகிவிடுவதால், வெறும் கிளைக்கு அடிக்கும் மருந்து வீண்செலவாகும். மரம் சாகாது, மீண்டும் தளிர்க்கும். அந்தத் தளிரைத்தான் நீங்கள் நாள்தோறும் பார்க்க வேண்டும். இலையோரம் வெட்டப்பட்டு முக்கோணமாக மடிந்திருந்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே நகக்கண் அளவுப் புழு இருந்தால் அதுவே மருந்துக்கான வேளை. கேரளத்தின் நிலம்பூரில் நடந்த ஆய்வொன்றில், பாதுகாக்கப்படாத இளந்தேக்குகள் தமது மரப்பருமன் வளர்ச்சியில் 44 சதவீதத்தை இழந்தன. ஆகவே இளந்தோட்டத்துக்குச் செலவழிப்பது நியாயமானது. முதிர்ந்த காட்டுக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து.

கேள்வி (கல்முனை, மாணவி): ஒரு பற்றீரியா புழுவை எப்படிக் கொல்கிறது? அது மனிதரைத் தாக்காதா?

பதில்: இந்த மருந்திலுள்ள பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் மண்ணிலும் இலையிலும் இயல்பாக வாழும் பற்றீரியா. 1901 இல் ஜப்பானில் இஷிவாட்டா நோயுற்ற பட்டுப்புழுக்களில் இதைக் கண்டார். 1911 இல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் மாவந்துப் புழுவில் இதைக் கண்ட பெர்லினர், பின்னர் அவ்விடத்தின் பெயரையே இதற்கு இட்டார். வித்தி எனும் உறங்குநிலைக் கலம் உருவாகும்போது இது ஒரு புரதப் படிகத்தையும் உண்டாக்குகிறது. புழு இலையோடு அதை விழுங்கினால், அதன் நடுக்குடலின் கடுமையான காரத்தன்மையில் படிகம் கரைந்து, அங்குள்ள நொதியங்களால் நச்சாக மாறி, குடற்கலங்களின் ஏற்பிகளில் ஒட்டித் துளையிடுகிறது. சில மணித்தியாலங்களில் புழு தின்பதை நிறுத்திவிடும். சாவதற்குச் சில நாட்கள் செல்லும். மருந்தடித்த மறுநாள் உயிருள்ள புழுவைக் கண்டு பலர் மனம் தளர்கின்றனர், ஆனால் பார்க்க வேண்டியது இலை மேலும் குறைகிறதா என்பதையே. மனித இரைப்பை அமிலத்தன்மையுடையது, அந்த ஏற்பிகளும் நம் குடலில் இல்லை. 1996 இல் நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகரில், வந்தேறிய அந்துப்பூச்சி ஒன்றை ஒழிக்கக் குடியிருப்புகளின் மேலேயே விமானத்திலிருந்து இதைத் தெளித்தார்கள். ஆயினும் தெளிப்பவர் முகமூடியும் கண்ணாடியும் அணிய வேண்டும்.

கேள்வி (வாகரை): பக்கத்தில் தேன்பெட்டிகள் வைத்திருக்கிறேன். தேனீக்கள் சாகுமா?

பதில்: புழுக்களுக்கென்று விற்கப்படும், இப்பற்றீரியாவின் குர்ஸ்டாக்கி என்ற வகை தேனீக்களைக் கொல்வதில்லை. வண்ணத்துப்பூச்சிப் புழுக்களை அது கொல்லும் என்பதால் தேவையற்ற இடத்தில் அடிக்காதீர்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் இதைச் சில நாட்களில் அழித்துவிடும். ஆகவே மாலையில், மழை வராத நாளில், இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள்.

கேள்வி (மட்டக்களப்பு வாவிக்கரை): வெண்கண்டல் மரங்களிலும் புழு விழுந்திருக்கிறது. அங்கும் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். தேக்கைத் தின்னும் அதே ஹிப்ளியா பூரா வெண்கண்டலையும் தின்னும். அம்மரம் பெரும்பாலும் தானே தளிர்த்துவிடும். அப்புழுக்களைத் தின்னப் பறவைகளும் குளவிகளும் வருகின்றன. அவற்றின் உணவில் நாம் கை வைக்கக்கூடாது.

கேள்வி (திருக்கோவில்): தென்னையின் கருவண்டுக்கு இது உதவுமா?

பதில்: உதவாது. வண்டினத்துக்குக் குர்ஸ்டாக்கி வேலை செய்யாது.

கேள்வி (அக்கரைப்பற்று): செத்த புழுக்களைப் பொறுக்கி அரைத்து, வடித்துத் தெளித்தால் காசு மிச்சமாகும் என்கிறார்கள். சரியா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள், தம்பி. செத்த புழுவில் எந்தக் கிருமி இருக்கிறதென்று கண்ணால் அறிய முடியாது. துரிஞ்சியென்சிஸின் நெருங்கிய உறவான பசிலஸ் சீரியஸ் மனிதருக்கு உணவு நஞ்சாதலை உண்டாக்குவது. அழுகிய கரைசலில் அதுவும் பெருகலாம். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதியப்பட்ட, திகதி கடக்காத பொதியை மட்டும் வாங்குங்கள். அதை வெயில் படாமல் வைத்திருந்து, கரைத்ததை அன்றே தெளித்து முடியுங்கள். வாங்குமுன் மடித்த இலை ஒன்றைப் புழுவோடு விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.