நிரல் எழுதும் எடிட்டரில் எது எப்போதும் மின்ன வேண்டும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நிரலில் ஒரு வேரியபிளை (மதிப்புக்கு வைத்த பெயரை) டபுள் கிளிக் செய்தால் சம்பந்தமில்லாத சொற்களும் மின்னுகின்றன. ஹைலைட்டையே அணைத்துவிடலாமா?

முழுதாக அணைக்க வேண்டாம். விஎஸ் கோட் எடிட்டரில் பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு வசதிகள் இருக்கின்றன. ஒன்று, கர்சர் நிற்கும் பெயர் வேறெங்கே வருகிறது என்று காட்டுவது. அந்த மொழிக்கு நல்ல எக்ஸ்டென்ஷன் இருந்தால் இது நிரலைப் புரிந்துகொண்டு வேலை செய்யும். வேறொரு ஃபங்ஷனில் அதே பெயரில் தனியாக ஒரு வேரியபிள் இருந்தால் அதைத் தொடாது. மற்றது, செலக்ட் செய்த எழுத்துகளை அப்படியே தேடுவது. 'கவுண்ட்' என்பதை செலக்ட் செய்தால் 'அக்கவுண்ட்' உள்ளே இருக்கும் 'கவுண்ட்'டும் சேர்ந்து மின்னும். உங்களைப் படுத்துவது இந்த இரண்டாவதுதான். அதை மட்டும் அணைத்துவிட்டு, முதலாவதை மங்கலான பின்னணி நிறத்தில் விட்டுவையுங்கள். நோட்பேட் பிளஸ் பிளஸ் என்றால் ஸ்மார்ட் ஹைலைட்டிங் பகுதியில் 'முழுச் சொல் மட்டும்' என்பதை டிக் செய்தால் போதும்.

விம் எடிட்டரில் தேடி முடித்த பிறகும் மஞ்சள் ஹைலைட் போகவில்லை. செட் நோஹெச்எல்சர்ச் என்று போட்டுவிட்டேன். சரிதானா?

அது தேடல் ஹைலைட்டை ஒரேயடியாக நிறுத்திவிடும். முன்னால் 'செட்' இல்லாமல் நோஹெச்எல்சர்ச் என்று மட்டும் கொடுங்கள். இப்போதைக்கு மறையும், அடுத்த தேடலில் தானாகத் திரும்பும். விம்மின் வழிவந்த நியோவிம்மில் கண்ட்ரோல்-எல் அழுத்தினாலே இது நடக்கும். விம்மில் அதே சாவி திரையை மறுபடி வரைவதோடு சரி, அதனால் அந்தச் சாவிக்கு இந்தக் கட்டளையை இணைக்கும் மேப்பிங்கை நீங்களே எழுத வேண்டும்.

அடைப்புக்குறி ஜோடிகளுக்கு நிறம்?

ஆனிலேயே இருக்கட்டும். ஈமேக்ஸ் எடிட்டரில், 2022-இல் வந்த 28-ஆம் பதிப்பு முதல், கர்சர் அருகே இருக்கும் அடைப்புக்குறியின் ஜோடியைக் காட்டுவது அதன் இயல்புநிலை.

ஸ்பேஸ், டேப் எல்லாம் புள்ளியாகவும் அம்பாகவும் எப்போதும் தெரிய வேண்டுமா?

நாள் முழுக்கப் புள்ளிகளைப் பார்த்தால் கண் அவற்றைக் கவனிப்பதையே விட்டுவிடும். செலக்ட் செய்த பகுதியில் மட்டும் காட்டும் விஎஸ் கோடின் இயல்புநிலை நல்ல தேர்வு. வரிக்கடைசி ஸ்பேஸ் மட்டும் எப்போதும் தெரியட்டும். ஆனால் சேமிக்கும்போது அது தானாக அழியும்படி வைத்திருந்தால், மார்க்டவுன் (எளிய குறிகளால் வடிவமைக்கும் உரை) கோப்புகளுக்கு விலக்கு கொடுங்கள்; அங்கே வரிக்கடைசியில் இரண்டு ஸ்பேஸ் என்றால் வரி முறிவு. மேக்ஃபைலில் (நிரலைக் கட்டமைக்கும் கட்டளைகள் உள்ள கோப்பில்) கட்டளை வரி டேப்பில் தொடங்க வேண்டும், அங்கே டேப்பைக் காட்டுவதும் நியாயமே.

குழுவுக்கு ஒரே தீம் வைக்கப் போகிறேன். பிழை சிவப்பு, புதிய வரி பச்சை. போதுமா?

போதாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது என்பார்கள். நிறத்தோடு அலைக்கோடோ ஓரக்குறியோ சேருங்கள். ஹைலைட் விழுந்த பிறகும் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு மாறுபாடு இருக்கிறதா என்று பாருங்கள். பலர் சாதாரண பின்னணியில் மட்டும் சோதித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

விஎஸ் கோடில் சில எழுத்துகளைச் சுற்றிப் பெட்டி வருகிறது. அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடலாமா?

தயவுசெய்து எடுக்காதீர்கள். ஆங்கிலத்தின் லத்தீன் 'ஏ'யும் ரஷ்ய மொழியின் சிரிலிக் 'ஏ'யும் திரையில் ஒன்றாகத்தான் தெரியும், நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலருக்கு அவை வேறு வேறு. எழுத்தின் திசையை மாற்றும் மறைவான குறிகளைச் செருகி, படிப்பவருக்கு ஒன்றும் கம்பைலருக்கு வேறொன்றுமாக நிரலைக் காட்ட முடியும் என்று 2021-இல் 'டிரோஜன் சோர்ஸ்' ஆய்வு நிரூபித்தது. கண்ணால் பிடிக்கவே முடியாததைப் பிடித்துத் தரும் ஹைலைட் இது. ரஷ்ய மொழியில் கமெண்ட் எழுதுபவர் என்றால், அனுமதிப் பட்டியலில் அந்த எழுத்துகளை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.