ஆக்டோபஸ் வரையும் பெண்ணுக்கு மேனேஜ்மென்ட் சீட் எதற்கு?

பிளஸ் டூ முடித்த மகள் நோட்டு முழுக்க ஆக்டோபஸ் மோதிரமும் கடற்குதிரைப் பதக்கமுமாக வரைந்து தள்ளுகிறாள். கோடிங் என்றாலே முகம் சுளிக்கிறாள். சித்தப்பாவும் மாமாவும் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு நிலத்தை அடமானம் வைக்கச் சொல்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: என்ன செய்யட்டும்?

அம்மா, உங்கள் பதற்றம் நியாயமானது. ஆனாலும் நிலத்தை வைக்காதீர்கள். விருப்பமில்லாத படிப்புக்கு வாங்கும் கடனை அவள்தான் பத்து வருடம் சுமப்பாள்.

"பொம்பளப் பிள்ளைக்குப் பத்தர் வேலையா?" என்கிறார்களாம். பாரிஸின் ரெனே புவாவன் நகை நிறுவனத்தைக் கணவர் இறந்தபின் நடத்தியவர் அவர் மனைவி ஜான். 1930களில் அங்கே மாணிக்கமும் செவ்வந்திக்கல்லும் பதித்த நட்சத்திரமீன் ப்ரூச்சை (உடையில் குத்திக்கொள்ளும் நகை) வடிவமைத்த ஜூலியட் முதாரும் பெண்தான். அதன் ஐந்து கைகளிலும் மூட்டுகள் உண்டு; அதனால் தோளின் வளைவுக்கேற்பப் படிந்து உட்காரும். உங்கள் மகள் கற்க வேண்டியது அப்படி மூட்டுகள் வைக்கும் நுட்பத்தை. அழகாக வரைய அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

இன்று இந்த வேலையின் பெயர் ஜுவல்லரி கேட் (CAD) டிசைனர், அதாவது கணினியில் நகை வடிவமைப்பவர். அளவு பிசகாத பாகங்களுக்கு ரைனோ, உயிரினத்தின் தசை வளைவுக்கு இஸட்பிரஷ் என்ற மென்பொருள்கள். கணினியில் செய்த உருவம் மெழுகாகவோ ரெசினாகவோ அச்சாகி, வார்ப்பில் பொன்னாகும். மெழுகின் எடையைப்போல 18 காரட் தங்கம் ஏறக்குறைய 15 மடங்கு வரும். அரை கிராம் மெழுகுக் கடற்குதிரை ஏழரை கிராம் தங்கம் கேட்கும். முதுகுப்பக்கத்தைக் குடையத் தெரியாதவர் வரைந்த நகையை எந்தக் கடையும் வாங்காது.

பிசகும் இடங்களைச் சொல்கிறேன். ஆக்டோபஸ் கையின் நுனியை அரை மில்லிமீட்டருக்கு மெலித்தால் தங்கம் அங்கே போய்ச் சேருமுன் உறைந்து நுனி முழுமையாக வராது. தடித்த உடல் சட்டென்று மெலியும் இடத்தில் பொடித்துளைகள் விழும். அதனால் தங்கம் பாயும் தண்டைத் தடித்த பக்கத்தில் வைக்க வேண்டும். 1.3 மில்லிமீட்டர் வைரம் ஏறக்குறைய ஒரு சென்ட், அதாவது காரட்டில் நூறில் ஒரு பங்கு எடை. அதைக் குவிந்த முதுகில் நெருக்கிப் பதித்தால் கற்களுக்கிடையே மேல்பக்கம் இடைவெளி விரியும். குழிந்த இடத்தில் கல்லோடு கல் முட்டும். வைரத்துக்கு 18 காரட்டே ஏற்றது. 22 காரட்டில் கல்லைப் பிடிக்கும் நகங்கள் தேய்ந்து கல் உதிரும். கடற்குதிரையின் வால் ஒரு பக்கமாகச் சுருள்வதால் சங்கிலி வளையம் எடைமையத்துக்கு நேர் மேலே இல்லாவிட்டால் பதக்கம் சாய்ந்தே தொங்கும்.

இன்னொன்று, மாதிரிக்கென்று காய்ந்த கடற்குதிரையோ பவளப்பாறையோ வாங்கிவிடாதீர்கள். இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. படங்கள் போதும்.

படிக்க, மும்பையிலும் ஜெய்ப்பூரிலும் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஜெம்ஸ் அண்ட் ஜுவல்லரி இருக்கிறது. பட்டம் வேண்டுமென்றால் ஃபேஷன் கல்லூரியான நிஃப்ட்டின் ஆக்சஸரி டிசைன். நகைப் பட்டறைகள் நிறைந்த கோயம்புத்தூர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வெளிநாட்டு டிப்ளமோவுக்குக் கடன் வாங்காதீர்கள். பயிற்சி பித்தளையிலும் வெள்ளியிலும் அமெரிக்கன் டைமண்ட் எனும் போலிக் கற்களிலும் நடக்கட்டும். உங்கள் தாலிக்கொடிக்கு அங்கே வேலையில்லை. தொடக்கச் சம்பளம் ஐ.டி. கம்பெனி அளவுக்கு வராது. கண்ணும் கழுத்தும் வலிக்கும். இதை அவளிடம் மறைக்காதீர்கள்.

அதற்குமுன் செதுக்கு மெழுகுக் கட்டி ஒன்று, ஊசி அரம் ஒரு செட், அரை மில்லிமீட்டர் வரை காட்டும் அளவுகோல் ஒன்று வாங்கிக் கொடுங்கள். இரண்டு வாரத்தில் நான்கு சென்டிமீட்டர் நட்சத்திரமீன் ஒன்றை அவளே செதுக்கட்டும். மூன்றாம் கை ஒடியும். ஒடிந்தபின் புதுக்கட்டியைத் தானே எடுக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம். மாமாவே வந்து உட்கார்ந்தாலும்.